கேப்டனுக்கு வரி சொல்பவள்

அக்கா தங்கை பேசாமல் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. உலகத்தில் பாதி வீடுகளில் அதுதான் நடக்கிறது. ஆனால் நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இந்த இரண்டு பேரும், ஒரு நாளைக்கு முந்நூறு வரிக்குக் குறையாமல் பேசினார்கள் என்பதுதான் வேடிக்கை. அக்கா சொல்வாள், தங்கை திருப்பிச் சொல்வாள். அதற்கு இரண்டு பேருக்கும் சம்பளம்.

அக்காவுக்குத் தொழில் ப்ராம்ப்டர். டிவி தொடரில் ஒரே நாளில் ஏழெட்டுக் காட்சி எடுப்பார்கள். நடிப்பவர்களுக்கு வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் ஏது? கேமராவுக்குக் கீழே ஒரு குட்டை ஸ்டூலில் அக்கா தாளோடு உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு வரியாக, ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், பருப்பில் கல் பொறுக்குகிறவள் மாதிரி நிதானமாகச் சொல்வாள். எதிரே நிற்பவர் ஒரு மூச்சு விட்டு, அதையே அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ சொல்வார். பிறகு டப்பிங் செய்யும்போது அக்காவின் குரலை எடுத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் பேசிய பேச்சில் ஒரு சொல்கூட எந்த வீட்டு டிவியிலும் கேட்டதில்லை.

தங்கைதான் கேப்டன். 'நெடுவான்' என்கிற விண்கலத்தின் தலைவி. விண்கலம் என்றால் பயந்துவிட வேண்டாம். ப்ளைவுட் பலகையில் வெள்ளிப் பெயின்ட் அடித்தது. வட்ட ஜன்னல்கள் நான்கும் பழைய வாஷிங் மெஷின்களின் கதவுகள். வேகமாக நடந்தால் கலமே ஆடும் என்பதால், எதிரிகள் துரத்தும்போதுகூடக் கேப்டன் மெதுவாகத்தான் ஓடுவாள். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் ஜனம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. படப்பிடிப்புத் தளத்தில் எல்லோருமே அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். டீ கொடுப்பவர்கூட "கேப்டன், சர்க்கரை போடலாமா?" என்று கேட்பார். அக்கா இதைக் கேட்கும்போதெல்லாம் தாளை ஒரு தரம் உதறிக்கொள்வாள்.

உதறாமல் என்ன செய்வாள்? இவளை இந்தத் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே அக்காதான். கூட்டிக்கொண்டு வந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு நாள் அக்கா சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டாள். தங்கை அதை எடுத்துக்கொண்டு தளத்துக்கு வந்தாள். அன்றைக்கென்று பார்த்து, நர்ஸ் வேஷம் போட வேண்டிய பெண் வரவில்லை. "இந்தப் பொண்ணு யாரு?" என்று இயக்குநர் கேட்டார். அவ்வளவுதான். டப்பா கொண்டுவந்தவள் நடிகையானாள், டப்பாவை மறந்தவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சாப்பாட்டை ஒழுங்காகப் பையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா பதினைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் ஆகியிருக்காது, அக்காவை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

அதையாவது விட்டுத்தள்ளலாம். அம்மா விஷயத்தை எப்படி விடுவது?

அம்மா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தாள், அக்கா வீட்டில். தூக்கி உட்கார வைத்ததும், துணி மாற்றியதும், ராத்திரியெல்லாம் முதுகு தடவியதும் அக்கா. மாதத்துக்கு ஒரு தரம் பழப்பையோடு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனது தங்கை. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா சிரிப்பாள். பழைய கதையெல்லாம் சொல்வாள். தலை வாரிவிடு என்பாள். தங்கை வாரியது போதாதென்று, "சிட்டு கை பட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது" என்று அக்காவின் காது படவே சொல்வாள். சிட்டு என்பது தங்கைக்கு அம்மா வைத்த செல்லப்பெயர். அக்காவுக்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை. அவளிடம் அம்மா பேசியதெல்லாம், தலையணை சரியில்லை, தண்ணீர் சூடாக இருக்கிறது, சிட்டு எப்போது வருவாள், இந்த மூன்றுதான். அக்காவுக்கு வயிறு எரிந்தது. அழுக்குத் துணியை அலசும்போதும் எரிந்தது, மாத்திரையை எண்ணும்போதும் எரிந்தது. எரிச்சலோடு செய்தாளே தவிர, எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசி நாளன்று காலை ஏழு மணிக்கு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றாள். சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். பஸ்ஸில் வந்தால் இருபது நிமிஷம். அக்கா போனைக் கையில் எடுத்தாள். எடுத்து, சமையலறை அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். மூன்று வருஷம் நான் பார்த்தேன், இந்த ஒரு நாளாவது அம்மா எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் நாலரைக்குத்தான் தங்கைக்குப் போன் போனது. அப்போது எல்லாம் முடிந்திருந்தது.

தங்கை மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் ஓடிவந்தாள். வாசலில் நர்ஸ் நின்றிருந்தாள். நர்ஸ் வாய் சும்மா இருக்குமா? உள்ளே வந்த தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"காலையிலேயே உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன? கூப்பிட்டா மட்டும் ஷூட்டிங்க விட்டுட்டு வந்திருக்கப் போறியா?" என்றாள் அக்கா.

அதோடு பேச்சு அறுந்தது. சொந்தக்காரர்கள் கேட்டபோது, "காலையிலேருந்து கூப்பிட்டேன், அவளுக்கு எங்க நேரம்?" என்று அக்கா வாய் கூசாமல் சொன்னாள். தங்கையின் காதுக்கும் அது போயிற்று. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மறுத்திருந்தால் அக்கா பதிலுக்கு நாலு சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பாள். பேசாமல் இருந்து அதையும் கெடுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தயாரிப்பு மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். புதுத் தொடர், விண்வெளிக் கதை, வாயில் நுழையாத வார்த்தைகள். "கேப்டனுக்கு நீங்கதான் ப்ராம்ப்ட் பண்ணணுமாம். வேற யாரும் வேண்டாம்னுட்டாங்க." அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. நடிக்க வந்து இத்தனை வருஷமாகியும் நான் எடுத்துக்கொடுக்காமல் இவளால் ஒரு வரி பேச முடியவில்லை. ஊரே இவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறதே, இவள் தலைக்குள் இருப்பதெல்லாம் நான் போட்டது. இந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் அவள் நான்கு வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அப்படி இருக்கையில்தான் கதாசிரியர் நூற்றுத் தொண்ணூறாவது எபிசோடை எழுதிக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர். எப்போதும் எதற்காகவோ மன்னிப்புக் கேட்கப் போகிறவர் மாதிரி நிற்பார்.

"கேப்டன் இதுவரைக்கும் இரும்பு மாதிரியே இருந்துட்டாங்க. இனிமே கேரக்டர் வளரணும்" என்றார்.

"இந்த வயசுக்கு மேல எங்க வளர்றது?" என்று அக்கா தாளை வாங்கிக்கொண்டாள்.

படித்ததும் முகம் மாறிவிட்டது. கேப்டனுக்குச் சொந்தக் கிரகத்தில் ஒரு அக்கா இருக்கிறாளாம். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று அவள் அனுப்பிய செய்தி, இருளையும் தூரத்தையும் தாண்டி நெடுவானுக்கு வந்து சேர ஒன்பது வருஷம் ஆகிவிட்டதாம். இப்போது திரையில் அந்த அக்கா தெரிகிறாள். கேப்டன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அக்காக்காரி உடனே மன்னித்துவிடுகிறாள்.

தங்கைதான் போய்க் கதாசிரியர் காதில் ஊதியிருக்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. இரண்டாம் தரம் படித்தபோது கோபம் போய்ச் சந்தோஷம் வந்தது. ஊர் முழுக்கப் பார்க்க, கேப்டன் மன்னிப்புக் கேட்கப் போகிறாள், அதுவும் நான் சொல்லிச் சொல்லி. மூன்றாம் தரம் படித்தபோது இன்னொன்று உறுத்தியது. கதையில் வருகிற அக்கா செய்தி அனுப்பினாள். தூரத்தால்தான் தாமதமானது. அவளால் சுலபமாக மன்னிக்க முடிந்தது. காகிதத்தில் எழுதின ஒரு பொம்பளைமேல் அக்காவுக்குப் பொறாமையாக இருந்தது. இப்படியும் உண்டா என்றால், உண்டு.

படப்பிடிப்பு மத்தியானம் தொடங்கியது. கேப்டனின் அறை என்பது மூன்று தட்டியும் ஒரு சுழல் நாற்காலியும். எதிரே ஒரு பச்சைப் பலகை. அக்காவாக நடிக்கிறவரை அடுத்த வாரம் தனியாகப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அந்தப் பலகைமேல் ஒட்டுவார்கள்.

"இன்னிக்கு ரெண்டு பேர் வரியும் நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றார் இயக்குநர்.

அதற்கு ஒரு முறை உண்டு. கேப்டனின் வரி என்றால் அக்கா தலை குனிந்து சொல்வாள், கேப்டன் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிராளியின் வரி என்றால் கையைத் தூக்கிக்கொண்டு சொல்வாள், கேப்டன் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

"ஆக்‌ஷன்" என்றார் இயக்குநர்.

"நான் வந்திருக்கணும்" என்றாள் அக்கா, தாளைப் பார்த்து.

"நான் வந்திருக்கணும்" என்றாள் கேப்டன்.

"எவ்வளவு தூரம்னு சாக்கு சொல்லமாட்டேன்."

"எவ்வளவு தூரம்னு சாக்கு சொல்லமாட்டேன்."

"என்னை மன்னிச்சிடுக்கா."

கேப்டன் ஒரு மூச்சு விட்டாள். "என்னை மன்னிச்சிடுக்கா" என்றாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அக்கா என்ற சொல் வந்தது. அக்காவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"ஒரு வார்த்தை முழுங்கிட்டாங்க சார். இன்னொரு டேக் போலாம்" என்றாள்.

யாரும் எதையும் முழுங்கவில்லை. ஆனால் வார்த்தை விஷயத்தில் ப்ராம்ப்டர் அக்கா சொன்னால் சொன்னதுதான். மறுபடி எடுத்தார்கள். கேப்டன் மறுபடி மன்னிப்புக் கேட்டாள். "மூச்சு சரியா விழல" என்றாள் அக்கா. மூன்றாம் தரமும் கேட்டாள். ஒவ்வொரு தரமும் அந்தக் கண்ணில் புதிதாகத் தண்ணீர் நின்றது. மேக்கப் போடும் பெண் ஒரு மூலையில் மூக்கை உறிஞ்சினாள். மூன்று தரம் வாங்கியும் அக்காவுக்குப் பசி அடங்கவில்லை. வாங்க வாங்க அது கையில் நிற்காமல் எங்கோ ஒழுகிப்போயிற்று. சொல்வது நான், சொல்லவைப்பதும் நான், இதில் அவள் எங்கே இருக்கிறாள் என்று தோன்றியது.

நான்காவது டேக்கில் இயக்குநர், "நடுவுல நிறுத்தாதீங்க, முழுசாப் போயிடலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேப்டன் மன்னிப்புக் கேட்டு முடித்தாள். அடுத்தது எதிராளியின் வரி. அக்கா கையைத் தூக்கினாள்.

வரி வரவில்லை.

தாள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், உன்மேல ஒரு தப்பும் இல்ல. ஏழு சொல். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூடத் தடுமாறாத வாய் திறந்தபடி நின்றது. தூக்கின கை தூக்கியபடியே இருந்தது.

"நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்று யாரோ ஏற்ற இறக்கம் இல்லாமல், தெளிவாகச் சொன்னார்கள்.

சொன்னது கேப்டன். அக்காவைப் பார்க்காமல், பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்டே, அக்காவுக்கு எடுத்துக்கொடுத்தாள். அக்கா திருப்பிச் சொல்லவில்லை. கேப்டன் ஒரு கணம் காத்திருந்துவிட்டுத் தன் வரியைச் சொன்னாள். பிறகு எதிராளியின் வரி, பிறகு தன் வரி. கடைசியில் வருகிற அந்தப் பாழாய்ப்போன "ஈர்ப்பலைத் தடுப்பான் ஏழு நிமிஷத்துக்கு மேல தாங்காது" வரைக்கும் ஒரே மூச்சில் போனாள். அக்கா தாளில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

"அட, கேப்டன் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்களே" என்றார் இயக்குநர்.

"அவங்க எப்பவும் அப்படித்தான் சார். காலையில மேக்கப் போடறப்பவே எல்லா வரியும் ஒரு தடவை சொல்லி முடிச்சிடுவாங்க" என்றாள் மேக்கப் பெண். பெருமையாகத்தான் சொன்னாள், பாவம்.

அக்காவுக்குக் காதை அடைத்துக்கொண்டு வந்தது. எப்பவும். நான்கு வருஷமும். அப்படியானால் இந்த ஸ்டூல் எதற்கு? இவளுக்கு நான் போட்ட பிச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தது, இவள் எனக்குப் போட்ட பிச்சையா?

இயக்குநர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். நல்ல மனுஷன். "டீ சாப்பிட்டு வரலாம்" என்று எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனார். கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் சட்டையில் மைக் இன்னும் மாட்டியிருந்தது. மூலையில் ஒலிப்பதிவுக்காரர் மட்டும் ஹெட்போனோடு மிச்சம் இருந்தார்.

அக்கா நேராகப் போய் நின்றாள்.

"எதுக்குடி என்னை வச்சிருக்க? தர்மத்துக்கா?"

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அவரும் டீ குடிக்கப் போனார்.

"நீ பேசுறதைக் கேக்கணும்ல. வேற எப்படிக் கேக்கறது?" என்றாள் தங்கை.

"கதையை அந்த ஆள்கிட்ட சொன்னது நீதானே?"

"நான்தான்."

"அப்ப நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே? நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற?"

"நீ கேக்கமாட்ட. யாராவது ஒருத்தர் கேட்டாத்தானே முடியும்? நானும் மாசத்துக்கு ஒரு தடவைதானே வந்தேன்."

இதற்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"நல்லவளாகுறதுலயும் நீதான் முந்திக்கணுமா? எனக்குன்னு ஒண்ணையும் விட்டுவைக்க மாட்டியா?" என்றாள் அக்கா. பக்கத்தில் இருந்த தட்டியைப் பிடித்துக்கொண்டாள். விண்கலம் ஒரு தரம் ஆடி நின்றது. "அன்னிக்கு நான் உன்னைக் கூப்பிடல."

"தெரியும்."

"போன் கையிலதான் இருந்துச்சு. கொண்டுபோய் அலமாரியில வச்சேன்."

"என்மேல கோபம். விடு."

"கோபம் இல்லடி, பொறாமை. உன்னைப் பாத்தா அம்மா உன் பக்கம் திரும்பிடுவாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கு வேணும்னு இருந்துச்சு."

தங்கை நாற்காலியைத் திருப்பினாள். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் நான்கு வருஷமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள் என்று தெரிந்தது.

"கடைசியா அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அறையில் இருந்தது அக்கா ஒருத்திதான். சாட்சி கிடையாது. அம்மாவிடமிருந்து அவளுக்கென்று மிஞ்சியது அந்தக் கடைசி மணி நேரம் மட்டும்தான். அதையும் எடுத்து இவள் கையில் கொடுப்பதா?

"மூணு மணி இருக்கும். கண்ணைத் திறந்தாங்க. என்னைத்தான் பாத்தாங்க. பாத்துட்டு, 'சிட்டு, வந்துட்டியா'ன்னாங்க."

தங்கை சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றினாள்.

"மூணு வருஷம் பாத்தவ நான். முகத்துக்கு முன்னாடி நிக்கறவ நான். உன்னைக் கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வந்துட்டேன்மான்னு சொன்னேன். உன் குரல் மாதிரி வச்சுக்கிட்டுச் சொன்னேன். வேற என்ன சொல்றது? கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்படியே தூங்கிட்டாங்க, அவ்வளவுதான். நீன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனாங்க." அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "இதையும் எடுத்துக்கோ. இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்ல."

வெளியே டீ கிளாஸ்களின் சத்தமும், யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. தங்கை நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினாள்.

"எப்படிச் சொன்னாங்க? அம்மா சொன்ன மாதிரியே சொல்லுக்கா" என்றாள்.

அக்கா எந்த வரியையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னவள் இல்லை. தொழில் அப்படி. இப்போது ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். அம்மாவின் மூச்சு எங்கே நின்றது, எங்கே இழுத்தது என்பதெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

"சிட்டு... வந்துட்டியா?"

தங்கை ஒரு மூச்சு விட்டாள்.

"வந்துட்டேன்மா" என்றாள்.

அக்கா அன்றைக்கு இதே வரியைக் குரலை மாற்றி, எவ்வளவோ பாடுபட்டுச் சொன்னாள். இவள் சும்மா சொன்னாள். அம்மாவின் காதில் விழுந்திருக்க வேண்டியது இதுதான். தன்னுடையதைவிட இது எவ்வளவோ நன்றாக இருந்தது. தங்கையின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதபோதும் அக்காவுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.